கரும்பலகையில் ஓடிய கன்னுக்குட்டி

போன வியாழக்கிழமை சாயங்காலம் பேத்தியைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தேன். வழக்கமாக மருமகள்தான் போவாள். அன்றைக்கு அவளுக்குப் பல்வலி. சரி, நான் போகிறேன் என்று கிளம்பிவிட்டேன். நாமக்கல்லில் இப்போது பள்ளிக்கூடம் என்றால் பழைய ஜமீன் பங்களா தோற்றுப்போகும். கேட்டில் காவலுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு தொப்பி. அவனிடம் நான் யார், யாருக்குத் தாத்தா, எந்தத் தெரு என்று விலாவாரியாகச் சொல்லி முடித்து, தம்பி, உனக்கு எந்த ஊர் என்று ஆரம்பித்தபோது, போதுங்க பெரியவரே, உள்ளே போங்க என்று விட்டுவிட்டான். பேச்சுக் கொடுத்தே எதிராளியைச் சலிக்கவைத்துக் காரியம் சாதிப்பது என்னுடைய பழைய வித்தை.

ஒன்றாம் வகுப்பு வாசலில் போய் நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. பிள்ளைகள் வேறு வாசல் வழியாகப் போய்விட்டார்களோ என்று எட்டிப் பார்த்தால் அறை நிறையப் பிள்ளைகள். ஒவ்வொன்றும் ஆள்காட்டி விரலை உதட்டின்மேல் நிறுத்திக்கொண்டு, கண்ணை மட்டும் உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டீச்சரம்மா சின்ன வயசு, நல்ல பெண்தான். என்னைப் பார்த்ததும் பெருமை தாங்காமல், "எங்க கிளாஸ்ல குண்டூசி விழுந்தாக் கேக்குங்க தாத்தா" என்றாள். அவளுக்குப் பின்னால் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. கீழே சில பெயர்கள். முதல் பெயர் என் பேத்தியுடையது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்தப் பெண்ணின்மேல் இல்லை. அவளுக்கு யாரோ அப்படிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அந்த யாரோவுக்கு வேறு யாரோ. அந்த வரிசையில் பின்னால் போய்க்கொண்டே இருந்தால் எங்கே போய் முட்டும் என்று எனக்குத் தெரியும். நான் முட்டியிருக்கிறேன்.

மணி அடிக்கட்டும் என்று வெளியே வந்து கம்பிவேலி ஓரம் நின்றேன். அத்தனை பகட்டான கட்டடத்தின் வேலியில், யாரும் நடாமல் யாரும் தண்ணீர் ஊற்றாமல் ஒரு கோவைக்கொடி ஏறியிருந்தது. கை சும்மா இருக்குமா? ஓர் இலையைப் பறித்துக் கசக்கி மூக்கில் வைத்தேன். அந்தப் பச்சை வாடையை உங்களில் வயதானவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சிலேட்டைத் துடைக்க எச்சிலுக்கு அடுத்தபடி நமக்கு அதுதான். கரும்பலகை வெளுத்துப் போனாலும் அதே இலையை அடுப்புக்கரியோடு சேர்த்து அரைத்துப் பூசுவோம். பூசிக் காய்ந்த பலகை யானைத் தோல் மாதிரி இருக்கும். அதற்கப்புறம் ஒரு வாரத்துக்கு, அதில் எழுதுகிறவன் கையெல்லாம் கோவை வாடைதான்.

எழுதுகிறவன் என்று வேறு யாரையோ சொல்வானேன். நான்தான் எழுதினேன். இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தின வருஷங்களில் நான் வாத்தியாராக இருந்தேன். சொன்னால் என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை.

ஆட்டையாம்பட்டியிலிருந்து பொடிநடையாகப் போய்விடுகிற தூரத்தில் ஒரு நெசவு ஊர். பெயர் வேண்டாம். அங்கே ஓர் ஓட்டுக் கட்டடம், அதுதான் பள்ளிக்கூடம். அதை நடத்தியவர், அதற்குத் தலைமை, அதற்கு மேனேஜர் எல்லாம் ஒருவரே. ஊரில் அவரைப் பெரிய வாத்தியார் என்பார்கள். சர்க்கார் கொடுக்கிற கிராண்டில்தான் பள்ளிக்கூடமும் ஓடியது, அவர் வீட்டு அடுப்பும் எரிந்தது. நான் எட்டாவது முடித்தவன், ட்ரெயினிங் எதுவும் கிடையாது. ஆகவே எனக்குச் சிசு வகுப்பைக் கொடுத்தார்கள். அந்தக் காலத்து நியாயம் அது. ஒன்றும் தெரியாத பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாத வாத்தியார் போதும். ஐந்தாம் வகுப்புக்கு நாற்காலி உண்டு, மூன்றாம் வகுப்புக்கு முக்காலி உண்டு, சிசு வகுப்புக்குத் தரையில் பரப்பிய மணலும் நானும்.

பெரிய வாத்தியார் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், பிள்ளைகளை உட்காரவைக்கிற விதம். இடது கை மார்பின் குறுக்கே. வலது கை விரல் வாயின்மேல். பிரம்பு யாரை நோக்கி நீள்கிறதோ அவன் மட்டும் விரலை எடுக்கலாம். எடுத்ததும் வாசகப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து ஒப்பிக்க வேண்டும். ராகம் போட்டு, தலையை ஆட்டி, பிள்ளைகள் ஒப்பிப்பதைக் கேட்டால் தேன் ஒழுகும். நானும் முதல் மாதம் சொக்கிப்போய்த்தான் கேட்டேன். பிறகு ஒருநாள் ஒரு பையன் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதே தேனை ஒழுகவிட்டான். புத்தகத்தை நேராகத் திருப்பி, மூன்றாம் பக்கத்தில் மாட்டின் படத்துக்குக் கீழே இருந்த சொல்லில் விரலை வைத்து, இது என்ன என்றேன். விழித்தான். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு முதல் பக்கத்து அணிலிலிருந்து ஓடிவர ஆரம்பித்தான். மரம், கிளி, குடம் எல்லாவற்றையும் தாண்டி மூச்சிரைக்க மாட்டுக்கு வந்து நின்று, "மாடுங்க" என்றான். அப்படி ஓடிவந்து மாட்டைப் பிடித்தவர்கள்தான் பரீட்சையில் தேறிக்கொண்டிருந்தார்கள்.

அதுகூடச் செய்யாத சில பிள்ளைகள் உண்டு. பிரம்பு நீண்டாலும் விரலை எடுக்காது. பெரிய வாத்தியார் அவர்களை ஊமைகள் என்றே கூப்பிடுவார். அதில் ஒருத்தி சௌடி. சௌடம்மாள் என்று முழுப்பெயர். நெசவாளர் வீட்டுப் பெண், அவர்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. வந்த முதல் நாள் தாகமெடுத்து, தனக்குத் தெரிந்த பாஷையில் தண்ணீர் கேட்டிருக்கிறாள். பிரம்பு நீளாமலே வாயைத் திறந்ததற்காக அவளுக்குக் கையில் ஓர் அடி. அவ்வளவுதான், விரல் வாய்க்குப் போனது, அங்கேயே இருந்தது. நான் வேலைக்குச் சேர்வதற்கு முந்தி நடந்த சங்கதி இது. மற்றப் பிள்ளைகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் அம்மாவை ஒருநாள் தெருவில் பார்த்து, குழந்தைக்குப் பிறவியிலிருந்தே பேச்சு வராதா என்று கேட்டுவிட்டேன். தலையில் தண்ணீர்க் குடத்தோடு நின்றவள், குடத்தை இறக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க வாத்தியாரே, எங்க சௌடியவா கேக்கறீங்க? காத்தால எந்திரிச்சா அவ வாயி, ராத்திரி படுத்தாலும் அவ வாயிதானுங்க. எம் மாமியா காது மந்தமானதே இவ பேசித்தானுங்க."

இதற்குமேல் அவள் சொன்னதுதான் முக்கியம். வீட்டில் சௌடியின் அளவுக்கு ஒரு சின்ன ராட்டை ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று. தறிக்குத் தார் சுற்ற, அதாவது குச்சியில் ஊடைநூல் ஏற்ற, ஆள் வேண்டும். சின்ன விரல்கள் அதற்குத் தோது. புருஷன் இன்றைக்கே உட்காரவைக்கத் தயார், இவள்தான் தடுத்துக்கொண்டிருக்கிறாள். இவளுடைய நாலு விரலும் ராட்டையில் தேய்ந்து காய்த்துப்போனவை. அதை நீட்டிக் காட்டினாள். கடைசியில் புருஷனும் பெண்டாட்டியும் ஓர் உடன்படிக்கைக்கு வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வருவார். அவர் பார்த்து, பிள்ளை தேறும் என்றால் பள்ளிக்கூடம், இல்லையென்றால் ராட்டை.

எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. கேட்டுவிட்டு, பார்க்கலாமுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். என்ன பார்க்கப் போகிறேன் என்று எனக்கே தெரியாது.

நெசவு ஊர்களில் பாவடி என்று ஒரு வெளி இருக்கும். விடிந்ததும் அங்கே பாவு விரிப்பார்கள். தெரு நீளத்துக்கு நூலை இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் நீவி உலர்த்திவிட வேண்டும். அன்றைக்கு வீட்டில் யாரும் சும்மா இருக்க முடியாது. சின்னப் பிள்ளைகள் பாவின் இரண்டு பக்கமும் நடந்து, அறுந்த இழையைக் கண்டுபிடித்துக் கத்த வேண்டும். ஆகையால் பாவு நாளில் பாதி வகுப்பு வராது. ஒருநாள் பிள்ளைகளைப் பிடித்துவரப் பாவடிக்குப் போனேன். புளித்த கஞ்சி வாடையும் ஈர நூல் வாடையுமாக இருந்தது. அங்கே ஒரு சின்னப் பெண் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பெரிய ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பனுக்குக் கண் தெரியவில்லையாம். அத்தை வாய் பார்க்கிறாளாம். தெலுங்கில் ஒன்று, தமிழில் ஒன்று, இரண்டும் கலந்து ஒன்று. சௌடி.

நான் அங்கே நிற்கும்போதே அது நடந்தது. யார் வீட்டுக் கன்னுக்குட்டியோ கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து பாவுக்குள் புகுந்துவிட்டது. இழைகள் அறுந்து தொங்க, சௌடியின் அப்பா இடுப்புத் துண்டோடு அதைத் துரத்த, துண்டு ஒரு பக்கம் அவர் ஒரு பக்கம். கன்னுக்குட்டி ஒன்றும் அவசரப்படவில்லை. கஞ்சிச் சட்டியில் வாயை வைத்து நிதானமாகக் குடித்துவிட்டுத்தான் போனது. பாவடியே விழுந்து விழுந்து சிரித்தது, நஷ்டப்பட்டவர் உட்பட.

அன்றைக்குப் பெரிய வாத்தியார் சேலத்துக்குப் போயிருந்தார். வகுப்பில் பிள்ளைகள் பழக்கதோஷத்தில் விரலை வாய்க்குக் கொண்டுபோனார்கள். நான் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, காலையில் பாவடியில் என்னமோ கூத்து நடந்ததாமே, எனக்குச் சரியாகத் தெரியவில்லையே, யாராவது சொல்லுங்கள் என்றேன். எல்லாத் தலையும் சௌடியின் பக்கம் திரும்பியது. அவள் முதலில் பெரிய வாத்தியாரின் காலி நாற்காலியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். விரல் மெல்லக் கீழே இறங்கியது.

அவள் சொன்னதை அப்படியே, அவள் வாயில் வந்தபடியே, கரும்பலகையில் எழுதினேன். எனக்கு அது ஒரு பெரிய யோசனையாக எல்லாம் தோன்றவில்லை. வேடிக்கையான பேச்சு எங்கே காதில் விழுந்தாலும் கிறுக்கி வைப்பது என் சின்ன வயசுச் சபலம். கையில் சுண்ணாம்புக் கட்டி இருந்தது, எழுதினேன்.

கன்னுக்குட்டி ஓடியாந்துச்சு. பாவு அறுந்து போச்சு. எங்கப்பன் தொரத்துனாரு. துண்டு உளுந்து போச்சு. கன்னுக்குட்டி கஞ்சி குடிச்சுட்டுப் போச்சு.

கன்னுக்குட்டிக்கு அவள் முதலில் தூட என்றுதான் சொன்னாள். பிள்ளைகள் கன்னுக்குட்டி என்று எடுத்துக் கொடுத்தார்கள். எழுதி முடித்து ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுத் தொட்டு வாசித்துக் காட்டினேன். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. சௌடி சிரிக்கவில்லை. எழுந்து வந்து பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"வாத்தியாரே, நாஞ் சொன்னதுங்களா இது?"

ஆமாம் சாமி, நீ சொன்னதுதான் என்றேன். எங்கே கன்னுக்குட்டி என்று கேட்டாள். காட்டினேன். கடைசி வரியில் இன்னொன்று இருப்பதை யாரும் காட்டாமலே கண்டுபிடித்துவிட்டாள். அதன்மேல் விரலை வைத்து, இங்கயும் நிக்குது என்றாள். வாயில் வைத்திருந்த அதே விரல். நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் வந்து பலகையைப் பார்த்தவள், அழித்திருப்பதைக் கண்டு ஒரு சண்டை போட்டாள் பாருங்கள். மறுபடி எழுதும்வரை என்னை உட்காரவிடவில்லை. அன்றிலிருந்து தினமும் ஒரு கதை. யார் வீட்டுப் பூனை எதைத் தள்ளியது, யார் பாட்டன் சந்தையில் எதைத் தொலைத்தான், எல்லாம் பலகைக்கு வரும். 'க'வைக் கன்னுக்குட்டியிலிருந்து பிடுங்கி மணலில் எழுதினோம். 'து'வைத் துண்டிலிருந்து. பிள்ளைகளுக்கு முதல் பக்கத்திலிருந்து ஓடிவர வேண்டியிருக்கவில்லை. சொல்லில் விரல் வைத்தால் சொல் வாயில் வந்தது, ஏனென்றால் அது அவர்கள் வாயிலிருந்து போனதுதானே. பாவு நாளிலும் பிள்ளைகள் கஞ்சிக் கையோடு ஓடிவர ஆரம்பித்தார்கள், கதை சொல்ல. பெரிய வாத்தியார் இது என்ன சந்தைக்கடையா என்று முணுமுணுத்தாரே தவிரத் தடுக்கவில்லை. வருகைக் கணக்கு கூடினால் கிராண்டுக்கு நல்லது.

இன்ஸ்பெக்டரின் பரிசோதனைக்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டார். வாசகப் புத்தகம் ஒப்பிக்காத அந்த ஊமைகளை நாளைக்கு ஏரிப்பக்கம் அனுப்பிவிடு, மூன்றாம் வகுப்பில் குள்ளமாக இருக்கிற பையன்களை உன் வகுப்பில் உட்காரவைத்துக் கொள்ளலாம் என்றார். ஊமையா, சௌடி பலகையில் எழுதியதை எல்லாம் வாசிக்கிறாளே என்றேன். பலகையைப் பார்க்க அவர் வரவில்லையப்பா, புத்தகத்தைப் பார்க்க வருகிறார் என்றார். அவள் அப்பா சொல்லியிருக்கிற கெடுவைச் சொன்னேன். அவர் வருகைப் பதிவேட்டைப் புரட்ட ஆரம்பித்தார். நான் யாரையும் ஏரிக்கு அனுப்பவில்லை.

இன்ஸ்பெக்டர் தலைப்பாகையும் கோட்டுமாக வில்வண்டியில் வந்து இறங்கினார். நல்ல ரோஜாப்பூ அத்தர் வாடை. ஜன்னலுக்கு வெளியே ஊர் நின்றது, முன்வரிசையில் சௌடியின் அப்பாவும் அம்மாவும். குள்ளப் பையன்கள் தேன் ஒழுகினார்கள். அவர் தலையாட்டிக்கொண்டே வந்து, யார் செய்த வினையோ, பிரம்பைச் சௌடியின் பக்கம் நீட்டினார். அவள் விரலை எடுக்கவில்லை. பெரிய வாத்தியாரின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

நான் துணிந்து, ஐயா, அவள் கதை சொல்வாள் என்றேன். சொல்லட்டுமே என்றார் அவர். சௌடி ஜன்னலைப் பார்த்தாள். அம்மா தலையசைத்தாள். அவ்வளவுதான். கன்னுக்குட்டி மறுபடியும் கயிற்றை அறுத்துக்கொண்டு கிளம்பியது. துண்டு விழுகிற இடத்தில் அவள் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, இந்த அப்பன்தாங்க என்று ஆளையும் காட்டிவிட்டாள். மனுஷர் வெட்கத்தில் நெளிந்து, தலையில் கட்டியிருந்த துண்டைத் தன்னை அறியாமல் பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்து இன்ஸ்பெக்டர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் நான் அதைப் பலகையில் எழுத, அவள் ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்தாள். கெட்டிக்காரக் குட்டி என்று கன்னத்தைத் தட்டிவிட்டு, பெரிய வாத்தியார் வீட்டுக்குப் பலகாரம் சாப்பிடப் போனார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் நெய்த துணியை மடித்துக்கொண்டுபோய் நூல் கொடுத்த முதலாளியிடம் காட்டுவார்கள். அவர் விரித்துப் பார்ப்பார், வெளிச்சத்தில் பிடிப்பார், முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்வார். ஒரு சின்னச் சிரிப்பு வந்துவிட்டால் துணி தேறியது, பேச்சுக்கு இடமில்லை. சிரித்துவிட்டுத் துணியைத் திருப்பிக் கொடுத்த முதலாளியை அந்தத் தெரு பார்த்ததே இல்லை. ஆகவே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்த அதிகாரியைப் பார்த்தவர்களுக்கு வேறு சந்தேகம் ஏன் வரப்போகிறது? அன்று சாயங்காலமே சௌடியின் அம்மா தெரு முழுக்கப் பொட்டுக்கடலையும் வெல்லமும் கொடுத்தாள். சின்ன ராட்டையைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில், இனி எங்களுக்கு வேண்டாமுங்க என்று கொடுத்துவிட்டாள். எனக்கும் ஒரு கை கடலை வந்தது. தின்றேன்.

அடுத்த மாதம் ரிப்போர்ட் வந்தது. பெரிய வாத்தியார் எனக்கு வாசித்துக் காட்டினார். சிசு வகுப்பில் ஒழுங்கு இல்லை, இரைச்சல். கரும்பலகையில் கொச்சை மொழி எழுதப்பட்டிருக்கிறது. வாசகப் புத்தகம் ஒப்பிக்க இயலாத பிள்ளைகளை வகுப்புக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இவ்வளவுதான். கன்னுக்குட்டி இல்லை, துண்டு இல்லை, கைக்குட்டை இல்லை.

நான், அவர் சிரித்தாரே என்றேன்.

"அவரு சிரிச்சது வேற, எழுதுனது வேறப்பா. சிரிப்புக்கெல்லாம் கிராண்டு குடுக்க மாட்டாங்க."

சௌடியோடு சேர்த்து அந்தப் பிள்ளைகளின் பெயர்களைப் பதிவேட்டில் என் கண் முன்னாலேயே அடித்தார். அவருக்கும் குடும்பம் இருந்தது, எனக்குத் தெரியும். வயிற்றுப்பாடு என்று இன்றைக்கு யாராவது அவருக்காகப் பரிந்து பேசினால் கேட்டுக்கொள்வேன். கோபத்தைக் குறைத்துக்கொள்ள மாட்டேன். ஒரு குழந்தையின் வாயைக் கட்டித்தான் ஒருவன் வீட்டில் உலை கொதிக்க வேண்டுமென்றால், அந்த ஏற்பாட்டைச் செய்தவன் யாரோ அவன் நாசமாய்ப் போகட்டும்.

சொல்லாமல் கொள்ளாமல் சேலத்துக்குப் போனேன். இன்ஸ்பெக்டரின் ஆபீஸ் வராந்தாவில் மத்தியானம்வரை நின்று, உள்ளே போய் நடந்ததைச் சொன்னேன். ஊர்ப் பெயரைக் கேட்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. அடடா, அந்தக் கன்னுக்குட்டி ஊரா என்றார். குமாஸ்தாவைக் கூப்பிட்டார். என்னை நிற்கவைத்துக்கொண்டே முழுக் கதையையும் அவரிடம் சொன்னார். சௌடி நிறுத்திய இடத்தில் நிறுத்தி, துண்டு விழுகிற இடத்தில் கையை நீட்டி, அவள் மாதிரியே சொன்னார். குமாஸ்தா சிரித்தார். அவரும் மறுபடி சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் பெயரைத்தான் அடித்துவிட்டார்களுங்க என்றேன். எந்தப் பெண் என்று கேட்டார்.

விதி இருக்கிறதேப்பா, நான் என்ன செய்ய முடியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இத்தனை வருஷத்தில் எவ்வளவோ பேர் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள், பிற்பாடு நான் போய்ச் சேர்ந்த லாரித் தொழிலில் அதற்குப் பஞ்சமா? எல்லாரையும் மறந்தாயிற்று. அந்தக் கைக்குட்டையை மறக்க முடியவில்லை.

திரும்பி வந்தபோது சௌடியின் அம்மா பள்ளிக்கூட வாசலில் நின்றாள். பெரிய வாத்தியார் அவளிடம் சொல்லிவிட்டிருந்தார். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டாள்.

"சிரிச்சாருங்களே வாத்தியாரே. நாங்க பாத்தோமுங்களே. கண்ணுல தண்ணி வரச் சிரிச்சாருங்களே."

என்னத்தைச் சொல்வது? ராட்டையைத் திருப்பிக் கேட்கப் பக்கத்து வீட்டுக்கு அவள் போனதைத் தெருக்கோடியிலிருந்து பார்த்தேன். முதலாளி திருப்பிக் கொடுத்த துணியைக் கொண்டுபோகிறவர்கள் நடக்கிற மாதிரி, வீட்டுச் சுவரை ஒட்டியே போனாள்.

அந்த மாதக் கடைசியோடு வேலையை விட்டேன். யுத்தம் வந்தது. பிறகு லாரி புக்கிங் ஆபீசில் உட்கார்ந்தேன், பேசிப் பிழைக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. கிளம்புவதற்கு முன் ஒரு தடவை சௌடியின் தெரு வழியாகப் போனேன். வாசலில் சின்ன ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுற்றிக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

"கன்னுக்குட்டிய அழிச்சுட்டாங்களா வாத்தியாரே?"

ரிப்போர்ட் வந்த மறுநாளே பலகைக்குக் கோவையிலையும் கரியும் அரைத்துப் பூசியாகிவிட்டது. ஆமா சாமி என்றேன். தலையைக் குனிந்துகொண்டு ராட்டையைச் சுற்றினாள்.

இப்போது அந்த ஊருக்குப் போனால் பாவடி இருந்த இடத்தில் கல்யாண மண்டபம் நிற்கிறது. விசைத்தறிச் சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்பதில்லை. பள்ளிக்கூடம் இடிந்து, வேறு கட்டி, அதையும் இடித்தாயிற்று. பெரிய வாத்தியார் போனார், வில்வண்டி போனது, தலைப்பாகை போனது, அத்தரும் போனது. பாவடியில் இடுப்பில் கைவைத்து ஊரையே மிரட்டிய அந்தக் குரல் இவர்கள் எல்லாருக்கும் முன்னால் போய்விட்டது. வாயின்மேல் வைத்த விரல் மட்டும் எந்தச் சேதமும் இல்லாமல் நாமக்கல்வரை வந்து சேர்ந்திருக்கிறது.

மணி அடித்தது. பேத்தி புத்தக மூட்டையோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். போன மாதம்வரை கேட்டைத் தாண்டுவதற்குள் பாதி நாளின் கதையைச் சொல்லிவிடுகிறவள். இன்றைக்கு என்ன சாமி நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை என்றாள். யாரும் விழவில்லையா, யாரும் சண்டை போடவில்லையா என்று கேட்டேன். தலையை ஆட்டினாள். கொஞ்ச தூரம் போனதும், நான் பலகையைப் பார்த்ததை அவளும் பார்த்திருப்பாள் போலிருக்கிறது, ஒருமுறை திரும்பிப் பள்ளிக்கூடத்தைப் பார்த்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி சொன்னாள்.

"நாளைக்குப் போர்டுல எம் பேரு இருக்காதுங்க தாத்தா."